வீட்டு முன்பணமும் ஓர் அமானிதமே!



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலை முறையை உலகுக்கு அறிவித்த அக்கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஊர்ச் சபையின் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட விரும்புவோர்க்கு உரிய தகுதிகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. வரி செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். தமக்குச் சொந்தமான மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். பிறர் வீட்டில் குடியிருந்தவருக்கு அன்றைய சபையில் இடம் இல்லை என்பது இதனால் விளங்குகிறது.

ஆண்டுகள் ஆயிரத்து நூறு கழிந்துவிட்டன. இன்று குடியிருப்பவருக்கும் வாக்கு உண்டு, பதவி உண்டு, சட்டமும் உண்டு. ஆனால் அச்சட்டம் தமக்கு என்ன அளித்திருக்கிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? குறிப்பாக, வீட்டிற்குள் அடியெடுத்து வைக்கும் முன் நாம் எண்ணிக் கொடுக்கும் முன்பணம், வெளியேறும் நாளில் திரும்பி வராவிட்டால் என் செய்வது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கற்பனைக் குடும்பம்தான், எனினும் நம் தெருக்களில் இதைப் போன்றவை பல உண்டு. கணவர் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றுக்கு நாள்தோறும் வேனில் சென்று வருபவர். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மாத வாடகை 6,000 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை. அதாவது 60,000 ரூபாய். மனைவியின் வளையல்களை அடகு வைத்துத் திரட்டிய தொகை அது. ஐந்தாண்டுகள் கழித்து வீட்டைக் காலி செய்கிறார்கள். "அடுத்த குடி வரட்டும் பாய், வாங்கித் தந்துவிடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அடுத்த குடியும் வருகிறது, பணம் வரவில்லை. பிறகு, "வெள்ளையடிக்கப் பத்தாயிரம் ஆயிற்று, கதவு பழுது பார்க்க ஐயாயிரம் ஆயிற்று" என்று கணக்குச் சொல்கிறார். இதற்கிடையில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்குகிறது. புது வீட்டுக்காரரும் தம் முன்பணத்தைக் கேட்டு நிற்கிறார். கையிலோ ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இக்குடும்பம் எங்கே தவறியது? இப்பொழுது அதற்கு என்ன வழி? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழகத்தில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது என்று அது விதித்திருந்தது. ஆயினும் ஊரெங்கும் பத்து மாத முன்பணம் வாங்கப்பட்டே வந்தது. 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், அளவுக்கு மேற்பட்ட முன்பணத்தை வீட்டு உரிமையாளர் கையில் வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தது.

அந்தப் பழைய சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் குறித்து அச்சட்டத்தில் இரண்டு செய்திகள் உள்ளன.

முதலாவது, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டத்துக்கு முரணானது. ஆனால், "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்னும் ஒரு விலக்கும் உடன் இருக்கிறது. பத்து மாதம் தருவதாக நீங்களே கையெழுத்திட்டுவிட்டால், மூன்று மாத வரம்பு உங்களுக்குத் துணை நிற்காது. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

இரண்டாவது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருப்பின் அதை மட்டும் கழித்துக்கொண்டு, எஞ்சிய முன்பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். அடுத்த குடி வரும் வரை என்ற தவணை சட்டத்தில் இல்லை.

எதைக் கழிக்கலாம்? வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, குடியிருந்தவரால் நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் கழிக்கலாம். ஆனால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, கட்டடத்தின் பெரும் பழுதுகளைச் சீர்செய்வது ஆகியன உரிமையாளரின் பொறுப்புகள் என்று அச்சட்டத்தின் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. குழாய்த் திருகு, மின் சுவிட்சு, பூட்டு, கழிவுநீர் அடைப்பு போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் எழுதியதே செல்லும். "காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தருவேன்" என்னும் ஒரு வரியைப் படிக்காமல் ஒப்பமிட்டுப் பணத்தை இழப்பவர் பலர்.

நகரத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று

இங்கே நம் பகுதி வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறங்களுக்கென இயற்றப்பட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றின் எல்லைக்குள் அது செல்லும். உத்திரமேரூர் பேரூராட்சியாதலால், அவ்வூருக்குள் உள்ள வாடகை வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் சாலவாக்கம், பெருநகர் போன்ற ஊராட்சிகளில் குடியிருப்பவர் அச்சட்டத்தின் கதவைத் தட்ட இயலாது. அவருக்குத் துணை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், உரிமையியல் நீதிமன்றமுமே. சில கிலோமீட்டர் தொலைவில் உரிமை மாறவில்லை, பணம் அவருடையதுதான். அதைப் பெறும் வழிதான் மாறுகிறது.

பேரூராட்சிக்குள் இருப்போர் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண் பெறுதல் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் இப்பொறுப்புக்கு நியமிக்கப்படுகிறார். இதற்கென அரசு இணையதளமும் நடத்துகிறது. பிணக்கு முற்றினால் வாடகை நீதிமன்றம் உண்டு. அதற்கு மேல் தீர்ப்பாயம் உண்டு. பதிவில்லாத ஒப்பந்தத்தோடு அங்கே சென்று நிற்பவரின் நிலை கடினமானது. ஆதலால் "நமக்குள் எதற்குப் பதிவு?" என்று இருவரும் புன்னகைத்துக் கடந்துவிடும் அந்த நாளில்தான் பின்னாள் துன்பம் விதைக்கப்படுகிறது.

பள்ளிவாசலுக்கோ வேறு வக்புக்கோ சொந்தமான வீட்டில் குடியிருப்போர் ஒன்றை நினைவில் கொள்க. அத்தகைய சொத்துக்களின் குத்தகை வக்புச் சட்டத்தின் கீழ் வருவது. மேலே சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாமல், முத்தவல்லியிடம் இரசீதும் எழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன்பு

திருக்குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீண்டது எது தெரியுமா? அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியும், சாட்சிகளை வைத்துக்கொள்வது பற்றியும் பேசும் வசனம் அது. எழுதச் சொல்வது ஐயத்தின் அடையாளம் அன்று, ஒழுங்கின் அடையாளம். எனவே கூச்சப்படாதீர்கள்.

முன்பணத்தை வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், தொகை, நாள், எதற்காக என்னும் மூன்றும் எழுதி, உரிமையாளர் கையொப்பமிட்ட இரசீதைப் பெறுங்கள். மாத வாடகைக்கும் இரசீது கேட்பது உங்கள் உரிமை.

வீட்டின் உண்மையான உரிமையாளர் யார் என்று பாருங்கள். வீட்டு வரி இரசீதும் மின் இணைப்பும் எவர் பெயரில் உள்ளன? பெருந்தொகை கொடுப்பதாயின் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறையின் இணையதளத்திலோ வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஒருவரிடம் வீட்டை வாடகைக்குப் பிடித்து, தாமே உரிமையாளர் போல் மற்றவரிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் தரகர்கள் பெருநகரங்களில் பலரை ஏமாற்றியுள்ளனர்.

குடியேறும் நாளில் சுவர், தரை, கதவு, குழாய் ஆகியவற்றை நாள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மின் அளவியின் எண்ணைக் குறித்து வையுங்கள். காலி செய்யும் நாளிலும் இவ்வாறே செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை இது. பத்தாயிரம் ரூபாய் வாதத்தை முடித்துவைக்க வல்லது.

பணம் வராவிட்டால்

சாவியை ஒப்படைக்கும்போதே, "இன்ன நாளில் காலி செய்தேன், இவ்வளவு முன்பணம் வர வேண்டியுள்ளது" என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பலர் இந்த ஒன்றைச் செய்யாததால், எப்போது காலி செய்தார்கள் என்பதே வழக்காகிவிடுகிறது.

ஒரு மாதம் கழிந்தும் பணம் வரவில்லையா? முதலில் நேரில் சென்று அமைதியாகக் கேளுங்கள். கழிவு ஏதேனும் சொன்னால் அதற்கான கணக்கையும் இரசீதையும் கேளுங்கள். இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஜமாஅத் நிர்வாகிகளின் முன்னிலையில் எத்தனையோ பிணக்குகள் சுமுகமாகத் தீர்கின்றன. ஆனால் அங்கே பேசி முடித்ததையும், தவணை நாட்களோடு எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுதல் நலம். வாய்ச்சொல்லால் வந்த வம்பு மீண்டும் வாய்ச்சொல்லால் தீராது.

அதற்கும் இணங்காவிட்டால் கடிதம் எழுதுங்கள். குடியிருந்த காலம், கொடுத்த முன்பணம், காலி செய்த நாள், திரும்பத் தர வேண்டிய தொகை, பதினைந்து நாள் கெடு. இவை போதும், கடுஞ்சொல் ஒன்றும் வேண்டா. அதைச் சேர்ப்பித்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பாதுகாத்து வையுங்கள். வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புவது இதற்கடுத்த படி. பெரும்பாலானோர் இங்கேயே இறங்கி வந்துவிடுவர்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வசதியில்லையே என்று கலங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிச் சட்டப்பணிகள் குழு இயங்குகிறது. பெண்களுக்கு அவர்களின் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. ஆகவே, நம் தாய்மார்களும் சகோதரிகளும் தாமே மனுக் கொடுக்கலாம். 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே எழுதப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது; அதன் மீது மேல்முறையீடும் இல்லை.

இவையெல்லாம் பயன் தராவிடில், பேரூராட்சிக்குள் இருப்பவர் வாடகை நீதிமன்றத்தையும், ஊராட்சிப் பகுதியினர் உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம். பொதுவாக இத்தகைய பண வழக்குக்கு மூன்று ஆண்டுகளே காலவரம்பு. "இன்று தருகிறேன், நாளை தருகிறேன்" என்னும் சொல்லை நம்பி அக்காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். காவல் நிலையம் கடன் வசூலிக்கும் இடம் அன்று. இது உரிமையியல் பிணக்கு என்று அங்கே திருப்பி அனுப்பிவிடுவர். ஆனால் உரிமையாளர் அல்லாத ஒருவர் உரிமையாளர் போல் நடித்துப் பணம் பறித்திருந்தால் அது மோசடிக் குற்றம். அப்போது புகார் செய்யத் தயங்காதீர்கள். மற்றொன்று, பணம் திரும்பாது என்னும் அச்சத்தில் கடைசி மாதங்களின் வாடகையைத் தாமாகவே நிறுத்திவிடுவது பலர் கையாளும் முறை. எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் அப்படிச் செய்தால் அது வாடகை பாக்கியாகி, உங்களையே வெளியேற்றும் காரணமாகலாம். "கடைசி மூன்று மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நேர்வழி.

ஒத்திக்கு வீடு எடுப்போர் கவனத்துக்கு

மாத வாடகை இல்லாமல், மூன்று இலட்சம், ஐந்து இலட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து, தவணை முடிவில் முழுத் தொகையையும் திரும்பப் பெறும் ஒத்தி முறை நம் பக்கத்தில் பழக்கமானது. அடமானப் பொருளால் கடன் கொடுத்தவர் பயனடைவது வட்டியின் பாற்படும் என்று ஆலிம்கள் பலர் கருதுவதால், மார்க்க நிலையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சட்ட நிலையோ தெளிவானது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். பதிவு செய்த ஒத்திப் பத்திரம் கையில் இருந்தால், பணம் வரும் வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐந்து இலட்சத்தைக் கொடுத்துவிட்டு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பம் வாங்கி வருவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவ்வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருந்தால், வங்கி ஏலம் விடும் நாளில் அவர் தெருவில் நிற்க நேரிடும்.

தென் கொரியாவில் நம் ஒத்தியைப் போன்றதொரு முறை உண்டு. அதனை ஜோன்சே என்பர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் தொகையை இழந்து தவித்தன. ஏமாற்றப்பட்ட இளைஞர் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்தி நாட்டை உலுக்கியது. அவர்களுக்கென 2023இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. செல்வத்தில் முன்னேறிய நாட்டிலும் இந்நிலை என்றால், எழுத்தில்லாமல் கொடுக்கும் நாம் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டுள்ளனர். 2007 ஏப்ரல் முதல், வீட்டு உரிமையாளர் தாம் பெறும் முன்பணத்தை அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். தொகை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அவ்வாறு செய்யத் தவறினால், முன்பணத்தைப் போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்கு அபராதமாகத் தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். அங்கே படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள நம் பிள்ளைகளுக்கு இதனை எழுதித் தெரிவியுங்கள். முன்பணம் எந்தத் திட்டத்தில் உள்ளது என்று கேட்பது அங்கே அவர்களின் உரிமை. நம் நாட்டில் அத்தகைய பொதுக் காப்பகம் இல்லை. பணம் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. ஆகவே எழுத்துதான் நமக்குக் காப்பகம்.

வீடு உடையோரே, உங்களுக்கும் ஒரு சொல்

இவ்விதழைப் படிப்போரில் வாடகைக்கு விடுவோரும் உண்டு. வீட்டை நாசமாக்கிவிட்டு, மூன்று மாத வாடகையும் தராமல் இரவோடு இரவாகச் சென்றவரால் நீங்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அதற்காகத்தான் சட்டம் முன்பணத்தை அனுமதிக்கிறது. ஆனால் அது உங்கள் வருமானம் அன்று. உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மகள் திருமணத்துக்கோ மாடி கட்டுவதற்கோ அதைச் செலவிட்டுவிட்டு, அடுத்த குடியின் பணத்தால் முந்தைய குடியின் கடனை அடைப்பது நேர்மையாகுமா? முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். கழிப்பதாயின் கணக்கெழுதிக் காட்டிக் கழியுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னுமொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது என்பது அவ்விதி. பிறர் பணத்தைக் கையில் வைத்திருந்தவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது.

நாம் மேலே கண்ட அந்தக் குடும்பத்தினிடம் இரசீது இல்லை. எனினும் ஐந்தாண்டுக் காலம் வாடகை செலுத்திய வங்கிக் கணக்கு இருக்கலாம். வளையல்களை அடகு வைத்த சீட்டு இருக்கலாம். "வாங்கித் தந்துவிடுகிறேன்" என்று வீட்டுக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தி இருக்கலாம். கொடுத்ததைக் கண்ட அண்டை வீட்டார் இருக்கலாம். அவற்றைத் திரட்டிக்கொண்டு, அந்தச் சகோதரி சட்டப்பணிகள் குழுவின் வாசலுக்குச் செல்லட்டும். கல்லூரிக் கட்டணத்துக்கான அந்தப் பணம் அவருடையது. அதைக் கேட்பதில் நாணம் கொள்ள வேண்டியவர் அவர் அல்லர்.